குழாயடியில் ஒரு குழி

காலையில் வேலைக்கு வந்தால் முதலில் ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார்கள். எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்தக் குழி என்று அதில் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து வெட்ட வேண்டியது எங்கள் வேலை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நாற்பது வயதைத் தாண்டி, இந்தச் சீட்டுக்காகத்தான். அதுவரைக்கும் நெட்டையன் படித்துச் சொல்வான். என்னோடு ஜோடியாகக் குழி வெட்டுகிறவன். சில நாள் வேண்டுமென்றே மாற்றிப் படித்துவிட்டு, நான் இடுப்பளவு போன பிறகு பல்லைக் காட்டுவான். அந்தப் பல்லைப் பார்க்கச் சகிக்காமல் போய்ப் படித்தேன். படித்து என்ன ஆயிற்று? நெட்டையன் சொன்ன பொய்க்காவது ஒரு சிரிப்பு இருந்தது. அச்சடித்த பொய்க்கு அதுவும் இல்லை.

அன்றைக்குச் சீட்டில் இருந்தது பின்வேலி ஓரத்து வரிசை. அங்கே பெரியவர்களைப் புதைப்பதில்லை. பிறந்து பேர் வைப்பதற்குள் போய்விட்ட குழந்தைகளுக்கான இடம் அது. பேர் இல்லாமல் கல் நடக்கூடாது என்று எங்கள் இடுகாட்டில் ஒரு விதி. அதனால் கல் கிடையாது, ஓர் இரும்பு முளை மட்டும் இருக்கும். புல் வளர்ந்தால் முளையும் தெரியாது. ஆனால் அந்த வரிசை முழுக்க நிரம்பியதும் இல்லை. இடையிடையே சும்மா கிடக்கிற இடம் உண்டு. எது சும்மா கிடக்கிறது, எதில் குழந்தை இருக்கிறது என்பது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். வெட்டுகிறவனுக்கு எல்லாம் ஒரே புல்.

"இங்க எதுக்குப்பா பெரிய ஆளுக்குப் போடச் சொல்றாங்க?" என்றேன்.

"முன்னாடி இடம் தீர்ந்துபோச்சாம். இப்ப சிஸ்டம் புதுசு இல்ல, இண்டு இடுக்கெல்லாம் காட்டிக் கொடுக்குதாம். வெட்டு, வெயில் ஏறுது" என்றான் நெட்டையன்.

இடுப்பளவு போவதற்கு முன்பே மண்வெட்டி எதிலோ இறங்கியது. கல்லில் பட்டால் கை அதிரும். வேரில் பட்டால் இழுக்கும். இது இரண்டும் இல்லை. ஊறிப்போன ரொட்டியில் கத்தி இறங்குவது போல மெத்தென்று இறங்கியது. வெளியே எடுத்தேன். மண்வெட்டி முனையில் ஒரு பலகைத் துண்டு. பலகையில் ஒட்டிக்கொண்டு ஒரு துணி. ஒரு காலத்தில் பூப்போட்ட துணியாக இருந்திருக்கும்.

"என்ன, புதையலா? எனக்குப் பாதி" என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்த நெட்டையன் வாயை மூடிக்கொண்டான்.

பிறகு அவன்தான் குழிக்குள் இறங்கினான். பலகையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மண்வெட்டி இல்லாமல் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டோம். போய்க் கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். குழந்தையின் மேல் எனக்கு என்ன அருவருப்பு? பாவம், அது பாட்டுக்குக் கிடந்தது. சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்தேன். வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாமல், மை வாசனையோடு இருந்தது. அதைத் தொடத்தான் கூசியது.

எங்கள் மேலாளரை நாங்கள் பல்குத்தி என்போம். எப்போதும் வாயில் ஒரு குச்சி இருக்கும். பேசுவதற்காக அதை எடுத்தால், எழுதுகோல் வைக்கிற டப்பாவில் செருகுவார். பேசி முடித்ததும் அதே குச்சி, அதே வாய். அந்த டப்பாவிலிருந்து பேனா எடுத்துத்தான் செத்தவர் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

"சார், வேலி ஓரத்துக் குழில பெட்டி இருக்கு."

"என்ன பெட்டி?"

"பச்சப்புள்ளப் பெட்டி."

அவர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். "நீதான் இப்ப படிச்சவனாச்சே, பாரு. பேர் இருக்கா? இல்ல. பேர் இல்லன்னா ஆள் இல்ல. காலி."

"கம்ப்யூட்டர்ல ஆள் இல்ல சார். மண்ணுக்குள்ள இருக்கு."

"எந்தக் காலத்துல வெச்சதோ, மக்கிப் போயிருக்கும்."

"மக்கல சார். என் மண்வெட்டி போயி..."

"போதும். இப்பத்தான் சாப்பிட்டேன்." குச்சியை டப்பாவில் செருகிவிட்டு ஏதோ தட்டினார். இன்னொரு சீட்டு வந்து விழுந்தது. "அதை மூடிட்டு இதை வெட்டு. நாலு மணிக்கு வர்றாங்க. பெரிய இடம். தவறினது அவங்க அம்மா. குழியோரம் எல்லாம் நல்லா செதுக்கி வை."

சீட்டைப் பார்த்தேன். அதே வரிசை. அதே வேலி. கடைசிக் குழி, தண்ணீர்க் குழாயை ஒட்டியது.

அதை வெட்டியவன் நான்தான். அதில் இருப்பது என் மச்சானின் பெண் குழந்தை. பிறந்த அன்று ராத்திரியைக்கூட அது பார்க்கவில்லை. பெட்டியை என் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். நாய் தோண்டிவிடுமோ என்று விதிக்கு மேலேயே ஆழமாக வெட்டினேன். மச்சான் குழாய்க்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. இத்தனைக்கும் அவன் வேலை பார்ப்பது இதே இடுகாட்டு ஆபீசில்தான். கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கிற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற கான்ட்ராக்ட் ஆள்.

"சார், இது நம்ம கம்ப்யூட்டர் தம்பியோட குழந்தை" என்றேன்.

மேலாளர் ஸ்கிரீனைப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் காட்டலயே. அவர்கிட்டயே போய்க் கேளு. இடத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததே அவர் போட்ட சிஸ்டம்தான்."

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த ஊருக்கு இரண்டு இடுகாடு. மேட்டில் எங்களுடையது, பள்ளத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி ஆபீஸ், தனித்தனி கம்ப்யூட்டர். அதற்குள்ளே இருக்கிற டேட்டாபேஸும் வேறு வேறு கம்பெனிக்காரன் செய்தது. போன மழைக்கு முன்னால், இரண்டையும் ஒன்றாக்கு என்று மேலிடத்தில் உத்தரவு வந்தது. பள்ளத்து ஆபீசில் இருந்த சிஸ்டம் பெரியது என்பதால், எங்களுடையதை எடுத்து அதில் கொட்ட வேண்டும். கொட்டியவன் என் மச்சான். கொட்டி முடித்ததும் பார்த்தால், நிரம்பிவிட்டது என்று கையை விரித்த இடுகாட்டில் ஏகப்பட்ட இடம் காலியாக இருந்ததாம். மேலாளருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சட்டம் போட்டு, தலைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாராம். தொலைந்த செருப்பைக்கூடத் தேடாத மனுஷன்.

மச்சான் லேசுப்பட்டவன் இல்லை. விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தால் தட்டில் சோறு ஆறிப்போகும், அவன் வாய் ஆறாது. "ரெண்டு சிஸ்டமும் ஒண்ணுன்னு நினைக்கக் கூடாது மாமா. ஒண்ணு பெத்தவ மாதிரி, இன்னொண்ணு கட்டினவ மாதிரி. ஒருத்திகிட்டப் பேசின மாதிரியே இன்னொருத்திகிட்டப் பேசினா வீடு ரெண்டாயிடும்" என்பான். ஒன்று, சொன்னதைச் சொன்னவுடன் எழுதிவிடுமாம். இன்னொன்று 'கமிட்' என்று சொல்கிற வரைக்கும் காத்துக்கொண்டிருக்குமாம், அதுவரைக்கும் 'ரோல்பேக்' என்றால் பழையபடி ஆகிவிடுமாம். தேதியை ஒன்று முன்னாலிருந்து படிக்குமாம், ஒன்று பின்னாலிருந்து. எதையாவது அழிக்க வேண்டுமென்றால் முதலில் அதையே எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டுமாம், அப்புறம்தான் அழிக்க வேண்டுமாம்.

"பேக்கப் எடுத்தேன்னு சொல்றவனை நம்பாதீங்க மாமா. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்னு சொல்றவனை நம்புங்க."

"நான் புதைச்சதைத் திருப்பி எடுத்தா பார்க்க முடியும்? எனக்கு எதுக்குடா இந்த உபதேசம்?"

"சாப்பிடற நேரத்துல பேசற பேச்சைப் பாரு" என்று என் மனைவி கரண்டியால் தட்டைத் தட்டுவாள். "என் தம்பி நாலு நல்லது சொன்னா உங்களுக்கு எங்க ஏறும்."

ஏறவில்லைதான். இவ்வளவு சொன்னவன் கொட்டிய கொட்டில்தான் என் மண்வெட்டி இறங்கியது.

அவன் அறை ஆபீசுக்குப் பின்பக்கம். முன்பு சவப்பெட்டி மூடுகிற துணிகளை அடுக்கி வைத்திருந்த அறை. ஏசி போட்டு, அலமாரி மாதிரி ஒரு சர்வரை நிறுத்தியிருக்கிறார்கள். துணியின் மக்கல் வாசனை போகவில்லை. அதன் மேல் இவன் தின்று போட்ட மிச்சத்தின் வாசனை. மேசையில் ஒரு காப்பி டம்ளர், அடியில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. தரை முழுக்க வயர், மழைக்குப் பின் புழு கிளம்பியது போல. குழிக்குள் எனக்குக் குமட்டியதே இல்லை. இந்த அறைக்குள் வந்தால் குமட்டும்.

"மாமா, கால்ல மண்ணு. வெளிய உதறிட்டு வாங்க."

"மண்ணுதான்டா என் உத்தியோகம். நீ பண்ணின வேலை அதுக்குள்ளதான் கிடக்குது."

பெட்டி தட்டுப்பட்டதைச் சொன்னேன். அவன் நாற்காலியைத் திருப்பிக்கூட உட்காரவில்லை.

"இருக்காது மாமா. பழைய சிஸ்டத்துல எத்தனை ரெக்கார்டோ புதுசுலயும் அத்தனை. ஒண்ணு குறையல. முதல்ல காப்பி எடுத்து அதுல ஓட்டிப் பார்த்தேன். பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் வரிசை வரிசையா, எத்தனை காலி, எத்தனை ஆள்னு ரெண்டு பக்கமும் ஒப்பிட்டேன். யாரோ அந்தக் காலத்துல நம்பர் மாத்திப் புதைச்சிருப்பாங்க. உங்க நெட்டையனே செஞ்சிருப்பான்."

எனக்கு வாயெல்லாம் கசந்தது. தப்பு என்றால் அது மண்வெட்டிக்காரன் பக்கம்தான் என்று இவனுக்கும் ஒரு முடிவு. இரண்டாவது சீட்டை எடுத்து அவன் கீபோர்டின் மேல் போட்டேன்.

"நாலு மணிக்கு இதை வெட்டி வைக்கணுமாம். படி."

படித்தான். எண்ணைப் பார்த்ததும் அவனுக்குப் புரியவில்லை. "இது எது?" என்றான்.

"குழாயடி."

அவன் கை கீபோர்டை விட்டு மடிக்கு வந்துவிட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். அந்த வரிசை ஸ்கிரீனில் வந்தது. மேலிருந்து கீழ்வரை எல்லாமே காலி என்றிருந்தது. வேலி ஓரத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. புல்லைச் செதுக்கி, பெருக்கித் தள்ளியது போல அவ்வளவு சுத்தம்.

"ஐயோ" என்றான். சத்தமாக இல்லை, யாருக்கோ வழி விடுகிறவன் மாதிரி.

"என்னடா?"

"பழைய சிஸ்டத்துல, யாருமில்லாத குழின்னா பேர் கட்டத்துல ஒண்ணுமே வராது. கட்டத்தையே தொடாம விட்டுடுவாங்க. பேர் வைக்காத குழந்தைன்னா, கட்டத்தைத் தொறந்து வெறுமையா மூடுவாங்க. இந்த ஆபீஸ் வழக்கம் அது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல மாமா. ஒண்ணு, பாத்திரமே இல்ல. இன்னொண்ணு, பாத்திரம் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. பழைய சிஸ்டத்துக்கு வித்தியாசம் தெரியும். புதுசுக்குத் தெரியாது. வெறும் பாத்திரத்தைக் கொடுத்தா, பாத்திரமே இல்லன்னு எழுதிக்கும். அது அப்படித்தான். எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு வர்ற எல்லாருக்கும் முதல்ல சொல்றதே இதைத்தான்."

"தெரிஞ்சும்..."

"எண்ணிக்கை சரியாத்தான் வரும். ரெக்கார்டு குறையல இல்ல. காலியை ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"வரிசை வரிசையா ஒப்பிட்டேன்னியே?"

காப்பி டம்ளரை எடுத்தான், உள்ளே பார்த்தான், வைத்துவிட்டான்.

"பேர் இல்லாத குழந்தைங்க இருக்கற வரிசைகளை மட்டும் திறக்கல மாமா."

"ஏன்?"

"திறந்தா அவ வருவா."

எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, வெளியே போய்விட வேண்டும் போலவும் இருந்தது. "இவ்வளவு இடம் காலின்னு அந்தாளுக்குப் பாராட்டு வந்ததே, அப்பவாவது பார்க்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டேன்.

"பள்ளத்து இடமும் சேர்ந்ததால கூடியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்." பிறகு, "நினைச்சுக்கிட்டேன்" என்று இன்னொரு தரம் சொன்னான். அந்தச் சொல்லைத் துப்பிப் பார்ப்பது போல இருந்தது.

பழைய சிஸ்டத்தை அவன் கலைத்துவிடவில்லை. புதியது நன்றாக ஓடுகிறது என்று தெரிகிற வரைக்கும் பழையதைக் கலைக்கக் கூடாது என்பதும் அவன் சாப்பாட்டு நேர உபதேசங்களில் ஒன்று. மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில் அது கிடந்தது. அதை எழுப்பி, வெறும் பேர் இருக்கிற குழிகளையெல்லாம் காட்டு என்று கேட்டான். காட்டியது. வேலி ஓரம் மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் மரத்தடியில் வைத்தவை, பழைய வாசல் பக்கம் வைத்தவை என்று வந்துகொண்டே இருந்தது. அவன் விரலால் உருட்ட உருட்ட ஸ்கிரீன் ஓடியது. அதே எண்களைப் புதியதில் எடுத்தான், சிலவற்றுக்கு எதிரே 'ஒதுக்கப்பட்டது' என்று இருந்தது. மேலாளர் ஏற்கெனவே யார் யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்ட இடங்கள். அங்கெல்லாம் மண்வெட்டி இறங்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

"இப்ப என்ன பண்ணுவ?"

"ஆள் இருக்கா இல்லையான்னு காட்ட தனியா ஒரு கட்டம் போடணும். அதுதான் சரி. அதுக்கு மேல இருந்து அனுமதி வரணும், நாளாகும். இப்போதைக்குப் பேர் கட்டத்துல ஏதாவது எழுதினாப் போதும். காலின்னு காட்டாது."

"என்ன எழுதுவ?"

யோசித்தான். "குழந்தை" என்று தட்டினான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டளை. அதை ஓட்டுவதற்கு முன்னால், எது எதைத் தொடப்போகிறது என்று முதலில் எடுத்துப் பார்த்தான். பார்க்கும்போது கடைசியில் குழாயடி எண் வந்தது. அதன் மேல் விரலை வைத்தான். பிறகு ஓட்டினான். ஸ்கிரீன் நின்றது. இத்தனை ரெக்கார்டு மாறும் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தது. இனி கமிட் என்று சொன்னால் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் மேலாளர் வந்து கதவில் நின்றார். சீட்டுக் கொடுத்து இவ்வளவு நேரமாகியும் மண்வெட்டிச் சத்தம் கேட்கவில்லை என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். வாயில் குச்சி.

"என்ன தம்பி நடக்குது?"

"தப்பு நடந்திருக்கு சார். என் தப்பு. சரி பண்றேன்" என்று மச்சான் எல்லாவற்றையும் சொன்னான்.

அவர் ஸ்கிரீனில் எண்ணிக்கையைப் பார்த்தார். குச்சி நின்றது. "இத்தனையும் போயிடுமா?"

"போகறதுக்கு இருந்தாத்தானே சார். ஏற்கெனவே ஆள் இருக்கற இடம்."

"அது உங்களுக்கு. மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது? கண்டுபிடிச்ச இடத்தைத் தொலைச்சுட்டேன்னா?" கொஞ்சம் உள்ளே வந்தார். "கமிட் கொடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப ஒண்ணும் கெடல." மச்சான் தோளில் கை வைத்தார். குரலில் தேனைத் தடவிக்கொண்டார். "ரோல்பேக் பண்ணிடுங்க. நானும் பிள்ளை பெத்தவன்தான், உங்க வேதனை தெரியாதா? உங்க குழந்தையோடதுக்கு மட்டும் ஒரு பேரைப் போட்டுக்குங்க. நான் பார்க்கல. நாலு மணிக்காரங்களுக்கு வேற நம்பர் கொடுத்துடறேன். மத்தது இருக்கறபடி இருக்கட்டும்."

பொய் எதற்கு? எனக்கு அப்போது அப்பாடா என்றுதான் இருந்தது. எங்கள் வீட்டுக் குழந்தை தப்பித்தது, என் மனைவியிடம் சொல்ல வேண்டியதில்லை, மச்சான் வேலையும் நிலைத்தது. நல்ல யோசனைதானே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் மண்வெட்டி முனையில் ஒட்டிக்கொண்டு வந்த அந்தத் துணி ஞாபகம் வந்தது. கழுவிய கையையே திரும்பவும் கால்சட்டையில் துடைத்தேன். அந்த மனுஷன் மேல் இருந்த அருவருப்பில் பாதி என் மேலேயே வந்து விழுந்தது.

மச்சான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குத் தயங்கறீங்க?" என்றார் மேலாளர். "இத்தனை வருஷத்துல இவங்க அப்பன் ஆத்தா எவனாவது வந்து, எங்க குழந்தை எங்கன்னு கேட்டிருக்கானா? ஒருத்தனும் வரல. வராதவனுக்காக நீங்க ஏன் சாகறீங்க?"

"நானும்தான் வரல சார்" என்றான் மச்சான்.

கமிட் என்று தட்டி அழுத்தினான். சத்தம்கூட வரவில்லை. நான் ஏதாவது வெடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார். திட்டவில்லை, குரல்கூட ஏறவில்லை. நேராகத் தன் மேசைக்குப் போய்ப் போனை எடுத்தார். நான் புதுச் சீட்டுக்காகப் பின்னாலேயே போய் நின்றேன்.

"வணக்கம் சார். நம்ம பழைய ரெக்கார்டுல ஒரு பெரிய குழப்பம் சார். சிஸ்டத்தை மட்டும் நம்பக் கூடாதுன்னு இன்னைக்கு நானே நேர்ல களத்துல இறங்கிப் பார்த்தேன். பார்த்தா, பச்சக் குழந்தைங்க சார். மனசே ஆறல." எதிர்ப்பக்கம் ஏதோ சொன்னது. "ஆமா சார், கான்ட்ராக்ட் ஆளோட கவனக்குறைவு. நடவடிக்கை எடுத்தாச்சு சார். சரியும் பண்ணியாச்சு."

களத்தில் இறங்கினாராம். அவர் செருப்பில் ஒரு பொட்டு மண் இருந்தால் நான் என் காதை அறுத்துக்கொள்கிறேன்.

புதுச் சீட்டு மதிலோரத்துக்கு. அங்கே ஒரு சாண் போனால் பாறை. வருகிறவர்கள் வாடிய மாலையைக் கொண்டுவந்து குவிக்கிற இடம். ஈ மொய்த்தது. கடப்பாரையைப் போட்டுப் போட்டு நெம்பினோம். நெட்டையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் மச்சான் நல்லவன்தான். ஆனா நல்லவன் ஒருத்தன் செய்யற வேலையில எப்பவும் முதுகு ஒடியறது நம்மளுக்குத்தான்" என்றான்.

மச்சான் தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்தான். குழிக்குப் பக்கத்தில் நின்றான்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"எதை? வேலை போனதையா, வேலி ஓரத்தையா?"

"ரெண்டையும்."

"வேலை போனதை நீயே சொல்லு. எப்படியும் உன் சாப்பாட்டு உபதேசம் நின்னுபோனா அவளே கண்டுபிடிச்சுடுவா. மத்தது அவளுக்கு எதுக்கு?"

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அந்த இன்னொண்ணு... மண்வெட்டி பட்டது..."

"கையாலதான் மூடினோம்."

தலையை ஆட்டிவிட்டு வேலிப் பக்கம் நடந்தான். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். பக்கத்துப் புல்லைப் பார்க்காமல் கழுவினான், பிறகு பார்த்தான். குனிந்து எதையோ தேடினான். முளையைத்தான் தேடியிருப்பான். கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை, கடப்பாரை பிடிக்கிற முறை எனக்கு வந்துவிட்டது. நிமிர்ந்தபோது அவன் போய்விட்டான். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஏறிப் போய் மூடிவிட்டு வந்தேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். பளபளவென்று செருப்பு போட்ட மகன்தான் முன்னால் நின்றார். அழுது முகம் வீங்கியிருந்தது, அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழியைப் பார்த்தார், மாலைக் குப்பையைப் பார்த்தார், ஈயை விரட்டினார்.

"அங்க குழாய்ப் பக்கம் பச்சையா நல்ல இடம் கிடக்குதே. எங்க அம்மாவை அங்க வெச்சிருக்கக் கூடாதா? இங்க ஒரே கல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் முன்னால் வந்தார். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். கண்ணில் ஈரம்கூட இருந்தது, எங்கிருந்துதான் ஊறுமோ.

"அங்க குழந்தைங்க தூங்கறாங்க சார். பேர்கூட வைக்காத பிஞ்சுங்க. எத்தனையோ பேர் அந்த இடத்தைக் கேட்டுட்டாங்க. தொட என் மனசு இடம் கொடுக்கல."

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் சார்..." என்றார், அதற்கு மேல் பேச முடியவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நெட்டையன் மதில் பக்கம் திரும்பிக் காறித் துப்பினான்.

பெட்டியை இறக்கினோம். கயிற்றை உருவினோம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மண் தள்ளணும்" என்றேன். எல்லோரும் தள்ளி நின்றார்கள். மேலாளர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு, குழி ஓரத்திலேயே நின்றார். நான் இன்னொரு முறை சொல்லவில்லை. அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே மண்வெட்டி நிறைய மண்ணை அள்ளினேன்.